இரண்டு ஊரும் ஒரு காற்புள்ளியும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேர் இருந்தார்கள். பக்கத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். கூட்டினால் 2,05,838. ஆனால் அவசரத்தில் எழுதிய ஒரு கணினி நிரலிடம் இதே கணக்கைக் கொடுத்தால், இரண்டு ஊரிலும் சேர்த்து 76 பேர்தான் வசிக்கிறார்கள் என்று அது கூசாமல் சொல்லும். நிரல் கூட்டலில் தவறவில்லை. கூட்டுவதற்கு முன்னால் செய்த ஒரு சின்ன வேலையில் தவறிவிட்டது. ஒரு வரியைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான் அந்த வேலை.

கணினியில் தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது, பெரும்பாலும் வெறும் எழுத்துகளின் வரிசையாகத்தான் போகிறது. வங்கிக் கணக்கு விவரம், தேர்வு முடிவு, ரேஷன் கடைப் பட்டியல், மழை அளவு என்று எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் அது இப்படி ஒரு கோப்பாக இருந்திருக்கும்:

ஊர்,மாவட்டம்,அஞ்சல் குறியீடு,மக்கள்தொகை
இராஜபாளையம்,விருதுநகர்,626117,1,30,442
ஸ்ரீவில்லிபுத்தூர்,விருதுநகர்,626125,75,396

முதல் வரி தலைப்பு. அடுத்து ஊருக்கு ஒரு வரி. ஒவ்வொரு தகவலுக்கும் இடையில் ஒரு காற்புள்ளி. தகவல் ஒவ்வொன்றையும் புலம் என்கிறோம். இடையில் நிற்கும் குறியைப் பிரிப்பான் என்கிறோம். வயலுக்கு வரப்பு எப்படியோ, புலத்துக்குப் பிரிப்பான் அப்படி. இந்த வகைக் கோப்புக்குச் சிஎஸ்வி என்று பெயர். எக்செல் பழகிய எல்லோரும் இதைத் திறந்திருப்பார்கள்.

இதைப் பிரிக்க, அநேகமாக எல்லா நிரல்மொழிகளிலும் ‘ஸ்பிளிட்’ என்ற ஆயத்தக் கட்டளை இருக்கிறது. அது செய்வது எளிய வேலை. வரியின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போகும். காற்புள்ளி வந்தால், அதுவரை சேர்ந்ததை ஒரு துண்டாக வெட்டிப் பட்டியலில் போடும். வரி முடிந்ததும் மிச்சம் கடைசித் துண்டு. அவ்வளவுதான்.

தலைப்பு வரி 4 துண்டாகிறது. இராஜபாளையம் 6 துண்டாகிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் 5. லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் நாம் இடும் காற்புள்ளியும் புலங்களைப் பிரிக்கும் காற்புள்ளியும் கணினியின் கண்ணுக்கு ஒன்றே. நான்காவது துண்டுதான் மக்கள்தொகை என்று நிரல் எழுதியவர் நம்பியிருந்தால், இராஜபாளையத்தின் மக்கள்தொகை 1. ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்கள்தொகை 75. கூட்டுத்தொகை 76 வந்தது இப்படித்தான்.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே தலைகாட்டும். மேல்நாட்டு முறையில் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பதால் ஆறிலக்க எண்ணில் ஒரு காற்புள்ளிதான் வரும். நாம் லட்சம், கோடி என்று இரண்டிரண்டாகப் பிரிப்பதால் இரண்டு வரும். ஒரு கோடிக்கு அங்கே இரண்டு, இங்கே மூன்று.

பிரிப்பான் என்பது உடன்படிக்கை

தொடக்கத்தில் பிரிப்பானே கிடையாது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய துளை அட்டையில், ஒரு தகவல் எது என்பதை அட்டையில் துளை விழுந்த இடமே சொன்னது. 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 பத்தி அட்டையிலும் இதே வழக்கம்தான். முதல் 20 பத்தி பெயர், அடுத்த 6 பத்தி குறியீடு என்று இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் நடுவில் குறி எதற்கு? இந்த முறையில் குழப்பம் வராது. ஆனால் ஒதுக்கிய இடத்தைவிடப் பெயர் நீளமாக இருந்தால் வால் வெட்டுப்படும். சிறியதாக இருந்தால் மிச்ச இடம் வீணாகும். ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ போன்ற ஊர்ப்பெயர் இருக்கும் மாவட்டத்தில் இதன் சங்கடம் சட்டென்று புரியும்.

இடத்தை அளந்து ஒதுக்குவதைவிட, நடுவில் ஒரு குறி இடுவது சௌகரியம் என்ற எண்ணம் பிறகு வந்தது. 1972 வாக்கிலேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் தொகுப்பி, காற்புள்ளியால் பிரித்த மதிப்புகளைப் படிக்கக் கற்றிருந்தது. யூனிக்ஸ் இயங்குதளம் பயனர் பட்டியலைப் பிரிக்க முக்காற்புள்ளியை எடுத்துக்கொண்டது. சிலர் டேப் விசையையும் சிலர் நெடுங்கோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி எழுதுவது வழக்கம். பிரிப்பானும் அதுவாக இருந்தால் மோதும் என்பதால் அங்குள்ள எக்செல் அரைப்புள்ளியை இடுகிறது. பாரிசில் இருக்கும் உறவினர் அனுப்பிய கோப்பை இங்கே திறந்தால், எல்லாத் தகவலும் ஒரே கட்டத்துக்குள் அடைந்து கிடப்பது இதனால்தான்.

இத்தனை சச்சரவுக்கும் இடமில்லாமல், புலங்களைப் பிரிக்கவென்றே நான்கு குறிகளை, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணை ஒதுக்கிவைத்திருக்கிறது. 28 முதல் 31 வரையுள்ள எண்கள் கோப்பு, குழு, பதிவு, அலகு ஆகிய நான்கையும் பிரிப்பதற்கு உரியவை. எந்த மொழியின் எழுத்தோடும் எண்ணோடும் அவை மோதமாட்டா. ஆனாலும் அவற்றை யாரும் சீந்தவில்லை. விசைப்பலகையில் அவற்றுக்குத் தனி விசை இல்லை. திரையில் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. கண்ணால் பார்த்துக் கையால் திருத்த முடிகிற குறியைத்தான் மனிதர்கள் விரும்பினார்கள். அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் மேலே கண்ட 76.

மேற்கோள்குறி என்னும் காவல்

தகவலுக்குள்ளேயே பிரிப்பான் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு நடைமுறையில் ஒரு வழி உருவாகி, பல ஆண்டுகள் எழுதப்படாத வழக்கமாகவே இருந்தது. 2005 அக்டோபரில் யாகோவ் ஷாஃப்ரனோவிச் அதை எழுதி, இணையத் தர ஆவணங்களின் வரிசையில் 4180ஆம் எண்ணில் வெளியிட்டார். அதில் இருப்பவை ஏழே விதிகள். நமக்கு வேண்டியவை மூன்று. காற்புள்ளி, மேற்கோள்குறி, வரிமுறிவு இவற்றில் ஏதாவது ஒரு புலத்துக்குள் வந்தால், அந்தப் புலத்தை இரட்டை மேற்கோள்குறிக்குள் வைக்க வேண்டும். புலத்துக்குள் மேற்கோள்குறியே வந்தால் அதை இருமுறை எழுத வேண்டும். காற்புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடமும் தகவலின் பகுதியே. அதைத் தள்ளிவிடக் கூடாது.

இந்த விதிப்படி எழுதினால் நம் வரி இப்படி இருக்கும்:

இராஜபாளையம்,விருதுநகர்,626117,"1,30,442","நூற்பாலை, நாய், மாம்பழம்"

ஊரின் சிறப்பு என்று ஐந்தாவதாக ஒரு புலத்தைச் சேர்த்தும் குழப்பம் வரவில்லை. ஆனால் இதைப் பிரிக்க வெறும் ‘ஸ்பிளிட்’ போதாது. அதற்கு நினைவு கிடையாது. தான் மேற்கோளுக்கு உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று அதற்குத் தெரியாது. விதி தெரிந்த பிரிப்பு நிரலுக்கு இந்த ஒரு நினைவு இருக்கிறது. வெளியே இருக்கும்போது காற்புள்ளியைக் கண்டால் வெட்டும். மேற்கோளைக் கண்டால் ‘உள்ளே’ என்று நிலை மாறும். உள்ளே இருக்கும்போது காற்புள்ளியைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்ளும். மறுபடி மேற்கோளைக் கண்டால் அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்கும். அதுவும் மேற்கோளாக இருந்தால் ஒரு மேற்கோளை எழுதிக்கொண்டு உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் வெளியே வந்துவிடும். இப்படி நிலைக்கு நிலை மாறி இயங்கும் அமைப்பைக் கணினியியலில் நிலைப்பொறி என்பார்கள். இரண்டே நிலை கொண்ட இந்தப் பொறியைக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் எழுதிவிடலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேற்கோளுக்குள் வரிமுறிவும் வரலாம் என்பதால், கோப்பை முதலில் வரி வரியாக வெட்டிவிட்டுப் பிறகு காற்புள்ளியில் வெட்டுவதும் தவறு. கதவு எண் ஒரு வரியிலும் தெருப் பெயர் அடுத்த வரியிலுமாக ஒரே கட்டத்துக்குள் தட்டிய முகவரிகள் நம் அலுவலகக் கோப்புகளில் ஏராளம். அவற்றை வரிவரியாக வெட்டினால் ஒரு வீடு இரண்டு வீடாகும்.

இவ்வளவு எளிய விதியாக இருந்தும் பெரிய கருவிகள்கூட இதைத் தாமதமாகத்தான் ஏற்றன. வரிகளைப் புலங்களாகப் பிரிப்பதையே தொழிலாகக் கொண்டு 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த மொழி ஆக். ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் உருவாக்கியது. மேற்கோள் விதியோடு சிஎஸ்வி கோப்பைப் படிக்கும் வசதியைக் கெர்னிகன் அதில் சேர்த்து, அம்மொழிக்கான நூலின் இரண்டாம் பதிப்பில் விளக்கியது 2023இல்.

காலிப் புலம் எங்கே போனது?

தகவல் இல்லாத இடத்தையும் தகவலாகப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த பாடம். கடை, தொலைபேசி, தெரு, ஊர் என்று நான்கு புலம் உள்ள ஒரு பட்டியலில் இப்படி ஒரு வரி:

பால்கோவா கடை,,மாட வீதி,ஸ்ரீவில்லிபுத்தூர்

கடையில் தொலைபேசி இல்லை; அதனால் இரண்டு காற்புள்ளிகள் ஒட்டி நிற்கின்றன. நடுவில் இருப்பது காலிப் புலம். சி மொழியின் பழைய ‘ஸ்டிரிடோக்’ கட்டளை ஒட்டி நிற்கும் பிரிப்பான்களை ஒன்றாகவே எண்ணும். ஆகவே 3 துண்டுதான் கிடைக்கும். மாட வீதி தொலைபேசிக் கட்டத்தில் போய் உட்காரும். இந்தக் குறைக்காகவே பின்னால் வந்த ‘ஸ்டிரிசெப்’ கட்டளை 4 துண்டு தரும். பைத்தானில் காற்புள்ளியைக் குறிப்பிட்டுப் பிரித்தால் 4 வரும். அதே பைத்தானில் பிரிப்பான் எதையும் குறிப்பிடாமல் விட்டால், எத்தனை வெற்றிடம் சேர்ந்து வந்தாலும் ஒன்றாகவே கொள்ளும். ஒரே கட்டளைக்கு இரண்டு குணம்.

ஜாவாவுக்கு இன்னொரு வழக்கம். நடுவில் உள்ள காலிப் புலத்தை வைத்துக்கொள்ளும். வரியின் கடைசியில் உள்ளவற்றைக் கழித்துவிடும். கடைப் பெயருக்குப் பின் மூன்று காற்புள்ளி மட்டும் இருக்கும் வரியைப் பைத்தான் 4 துண்டாக்கும், ஜாவா 1 துண்டாக்கும். வேண்டாம் என்றால் கூடுதலாக ஓர் எதிர்ம எண்ணைக் கொடுத்துத் தடுக்க வேண்டும். ஜாவாவில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே பிரிப்பான் என்று நாம் தருவது வெறும் எழுத்தில்லை, ஒரு தேடல் கோலம். அந்தக் கோல மொழியில் முற்றுப்புள்ளி என்றால் ‘எந்த எழுத்தானாலும்’ என்று பொருள். பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்துகளைப் பிரிக்க நினைத்து முற்றுப்புள்ளியைக் கொடுத்தால், ஒவ்வோர் எழுத்தும் பிரிப்பானாகி, கையில் ஒரு துண்டும் மிஞ்சாது.

இ என்ற எழுத்து காணாமல் போகும் கதை

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொது. தமிழுக்கென்றே உள்ள ஒரு வில்லங்கம் இராஜபாளையத்தின் பெயரிலேயே இருக்கிறது.

யுனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பல ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கிலக் குறியின் எண்; திரையில் வரைவது தமிழ் எழுத்து. இலங்கைத் தமிழரிடையே மிகப் பரவலாகவும், தமிழகத்து அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் கணிசமாகவும் புழங்கிய பாமினி அப்படிப்பட்டது. பாமினியில் காற்புள்ளியின் இருக்கையில் உட்கார்ந்திருப்பது ‘இ’. அரைப்புள்ளியின் இருக்கையில் மெய்யெழுத்தின் புள்ளி.

இனி ‘இராஜபாளையம்’ என்று பாமினியில் தட்டிப் பாருங்கள். கோப்புக்குள் அந்தச் சொல் காற்புள்ளியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும். திரையில் ஊர்ப்பெயர் அழகாகத் தெரியும். பிரிக்கும் நிரலுக்கோ அது வேலியிலிருந்து தொடங்குகிற பயிர். மேற்கோள்குறி இடாத கோப்பைக் காற்புள்ளியில் பிரித்தால் முதல் துண்டு காலி, இரண்டாவது துண்டு ‘ராஜபாளையம்’. மற்றவை எல்லாம் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போகும்.

சரி, புலங்களை எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக இருப்பது தெரிந்துவிடுமே? பைத்தானில் தெரியும். முன்பு பார்த்த ‘ஸ்டிரிடோக்’ கட்டளையில் தெரியாது. அது வரியின் தொடக்கத்தில் உள்ள பிரிப்பானையும் விழுங்கிவிடும். ‘இ’ மறையும், புலங்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும், மிஞ்சிய ‘ராஜபாளையம்’ என்பதும் எல்லோரும் எழுதுகிற வடிவம்தான். பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வராது. ஊர்ப்பெயரை வைத்து இன்னொரு பட்டியலோடு ஒப்பிடும் நாள் வரும்போதுதான், ஓர் ஊர் முழுவதும் பொருந்தாமல் நிற்கும்.

இதைப் பாமினியின் அரைப்புள்ளியோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். தமிழில் மெய்யெழுத்து இல்லாத வரி அரிது. அரைப்புள்ளியைப் பிரிப்பானாகக் கொண்டு பாமினிக் கோப்பைப் பிரித்தால், புள்ளி வைத்த எழுத்துதோறும் வரி நொறுங்கும். அந்தக் குளறுபடி முதல் வரியிலேயே கண்ணில் அறையும், உடனே திருத்திவிடுவோம். ‘இ’ அப்படியில்லை. உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். அதிலும் ‘இ’யில் தொடங்கும் ஊர்ப்பெயர்கள் சிலவே. ஆயிரம் வரியில் பத்து வரி மட்டும் கெடும். சத்தம் போட்டு உடைகிற நிரலைவிடச் சத்தமில்லாமல் தவறுகிற நிரல் ஆபத்தானது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வேலை இரண்டு கட்டமாக நடந்தது. திஸ்கி குறிமுறையும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழி வந்த தாப் குறிமுறையும் ஆஸ்கியின் 128 இருக்கைகளையும் தொடாமல், மேலே உள்ள 128இல் தமிழை அமர்த்தின. அதோடு காற்புள்ளி காற்புள்ளியாகவே நின்றது. பிறகு பரவலான யுனிகோடு ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகம் முழுமைக்கும் பொதுவான ஓர் எண்ணைக் கொடுத்தது. 2010இல் தமிழக அரசும் அதைத் தரமாக ஏற்றது.

அந்த எண்களைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்தார்கள். அதன் நுட்பம் பிரிப்பு வேலைக்கு வரப்பிரசாதம். காற்புள்ளி ஒரே பைட், மதிப்பு 44. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்றும் 127க்கு மேற்பட்டவை. ‘இ’ என்பது 224, 174, 135. ஆஸ்கியில் இல்லாத எந்த எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் கீழே வராது என்று அந்த முறை உறுதி தருகிறது. ஆகவே யுடிஎஃப்-8 கோப்பில் 44ஐக் கண்டால் அது காற்புள்ளியே. ஒருநாளும் ஒரு தமிழ் எழுத்தின் பாதியாக இருக்காது. தமிழே தெரியாமல் எழுதப்பட்ட நிரலும் தமிழ்க் கோப்பைக் காற்புள்ளியில் சரியாக வெட்டும்.

பழைய பாமினிக் கோப்பு கையில் இருந்தால், வேலையை வரிசை மாற்றிச் செய்யக் கூடாது. மேற்கோள் விதிப்படி சேமித்த கோப்பாக இருந்தால் முதலில் விதிப்படி பிரித்து, பிறகு ஒவ்வொரு புலத்தையும் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். முழுக் கோப்பையும் முதலில் மாற்றினால், பிரிப்பானாக நின்ற காற்புள்ளிகளும் ‘இ’ ஆகிவிடும்.

ஒரே பெயர், இரண்டு எண்வரிசை

பிரித்து முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்க ஸ்ரீவில்லிபுத்தூர் விடாது. ‘ஸ்ரீ’ என்ற கூட்டெழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுத முடியும். ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று. 2005இல் யுனிகோடின் 4.1 பதிப்பில் சேர்ந்த ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம். கணினிக்கோ வெவ்வேறு எண்வரிசை. ஊர்வாரியாகத் தொகுக்கச் சொன்னால், கண்ணுக்கு ஒரே மாதிரியான இரண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்கள் வரும். திருவில்லிபுத்தூர் என்று எழுதியவர்களையும் சேர்த்தால் மூன்று. காற்புள்ளிக்குப் பின் பழக்க தோஷத்தில் ஒரு வெற்றிடம் விட்டுத் தட்டியவர்களால் நான்கு, ஐந்து என்று பெருகும்.

எண்களிலும் இப்படி உண்டு. இரண்டு ஊருக்கும் தொலைபேசிக் குறியீடு 04563. பிரித்த துண்டு இலக்கங்களாக இருப்பதைக் கண்டு எக்செல் அதை எண் என்று கொண்டால், முன்னுள்ள பூச்சியம் போய் 4563 ஆகும். கதவு எண் 3/12 என்றிருந்தால் தேதியாக மாறும். தேதியாக்கும் இந்த ஆர்வம் ஆய்வுக்கூடம் வரை போனது. மார்ச்1, செப்ட்1 என்பன போன்ற மரபணுக் குறிகளை எக்செல் விடாமல் தேதியாக்கிக்கொண்டிருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் அக்குறிகளையே மாற்றிக்கொண்டது. பிரிக்கும்போது கிடைப்பவை எழுத்துத் துண்டுகள் மட்டுமே. எது எண், எது தேதி, எது வெறும் அடையாளம் என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

பிரிக்கக் கூடாதவை

வெற்றிடம் கண்ட இடத்தில் எல்லாம் வெட்டலாம் என்ற ஆசை பெயர்களிடம் பலிக்காது. இராஜபாளையத்தில் பிறந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் அரசுக்குத் தலைமை தாங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜாவின் பெயரை இப்போது எழுதியபடி வெற்றிடத்தில் பிரித்தால் 4 துண்டு. தலைப்பெழுத்துகளை ஒட்டி எழுதினால் 3 துண்டு. 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவுக்கு எப்படி எழுதுகிறோமோ அதற்கேற்ப 3 அல்லது 5. ‘கடைசித் துண்டு குடும்பப் பெயர்’ என்ற மேல்நாட்டு விதியை நீட்டினால் இருவரும் ‘திரு. ராஜா’ ஆவார்கள், ஊரில் பாதிப் பேர் அந்த ஒரே பெயரில் நிற்பார்கள். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னால் வைக்கும் மற்றவர்களுக்கோ, சொந்தப் பெயரே குடும்பப் பெயராக மாறிவிடும். பெயரில் உள்ள வெற்றிடம் யாரும் உடன்பட்டு வைத்த பிரிப்பான் இல்லை. ஆதார் அட்டையில் பெயருக்கு ஒரே கட்டம் இருப்பது இந்த வகையில் புத்திசாலித்தனம்.

பிரிப்பான் இல்லாத உரையைப் பிரிக்க முடியாது என்பதில்லை. அதற்கு அறிவு வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாளின் திருப்பாவை 30 பாட்டும் நாச்சியார் திருமொழி 143 பாட்டும் நூற்றாண்டுகளாக ஓலையில் வாழ்ந்தவை. ஓலையில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடும் வழக்கம் இல்லை; பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியும் இல்லை. யாப்பும் சந்தியும் பொருளும் தெரிந்தவர்கள்தாம் அதைச் சீராகவும் சொல்லாகவும் பிரித்தார்கள். அந்த வேலையை இன்று கணினிக்குக் கற்றுத்தர முயலும்போது, அகராதியும் புணர்ச்சி விதியும் பெருந்தொகுதியான பயிற்சித் தரவும் தேவைப்படுகின்றன. காற்புள்ளி இட்ட கோப்பில் இவை எதுவும் தேவையில்லை. எழுதியவரும் படிப்பவரும் ஒரே விதியை மதித்தால் போதும்.

நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பிறர் தந்த சிஎஸ்வி கோப்பை வெறும் ‘ஸ்பிளிட்’ கொண்டு பிரிக்காதீர்கள். அநேகமாக எல்லா மொழிகளிலும் மேற்கோள் விதி தெரிந்த நூலகம் இருக்கிறது. பைத்தானில் அது கூடவே வருகிறது. பிரித்ததும் ஒவ்வொரு வரியின் புலங்களையும் எண்ணித் தலைப்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாத வரியைத் தூக்கி எறியாமல் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். குறியீட்டு எண்களை எழுத்தாகவே வைத்திருங்கள். ஊர்ப்பெயரை ஒப்பிடும் முன் ஓரத்து வெற்றிடத்தை நீக்கி, ‘ஸ்ரீ’யை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தரவை வெளியிடும் அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். எண்ணுக்குள் காற்புள்ளி இடாமல் 130442 என்றே எழுதுங்கள். லட்சக் காற்புள்ளியை அச்சிடும்போது சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பிரிப்பான், எந்த மேற்கோள் விதி, எத்தனை புலம் என்ற மூன்றையும் கோப்போடு ஒரு குறிப்பாகத் தாருங்கள். இரண்டு வரி எழுதும் சிரமம்தான். அந்த இரண்டு வரி இருந்தால், 2,05,838 பேர் வாழும் இரண்டு ஊரை எந்த நிரலும் 76 பேராகச் சுருக்காது.